ஒரே வயது, ஒரே தெரு

ஜூன் 9, செவ்வாய்

அரைப்புள்ளிக்கு,

யார் இது என்று முழிக்காதே. உன் அண்ணிதான். இரண்டு வருஷமாக உன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று இருந்தவள், இன்றைக்கு நானே மின்னஞ்சலில் வந்து நிற்கிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஆலையை மூடியதிலிருந்து மனிதர் நாள் முழுக்க வீட்டில்தான். போனில் பேசினால் காதில் விழும். அதோடு உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், வந்த விஷயம் மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன்.

நாடு முழுக்கத் தொற்று எங்கெங்கே பரவுகிறது என்று முகம் தெரியாத ஆட்கள் கூடி இணையத்தில் ஒரு பக்கம் எழுதுகிறீர்களே, அதில் எங்கள் மாவட்ட அட்டவணையில் நேற்று ஒரு வரியைக் காணோம். "பெண், 46, பிஸ்கட் ஆலை" என்று ஐந்தாம் தேதிக்கு ஒரு வரி இருந்தது, ஆறாம் தேதிக்கும் ஒரு வரி இருந்தது. இப்போது ஐந்தாம் தேதி மட்டும்தான். எவன் எடுத்தான் என்று பழைய மாற்றங்களைத் தோண்டிப் பார்த்தேன். 'ஒரே ஆள், இரண்டு பதிவு. நீக்கப்பட்டது. அரைப்புள்ளி' என்று இருந்தது. யார் என்ன சொன்னாலும் நடுவில் நிறுத்தித் திருத்துவாய் என்று சின்ன வயசில் உன் அண்ணன் உனக்கு வைத்த பேர் அது. வேறு எவளும் அதை ஆசைப்பட்டு வைத்துக்கொள்ள மாட்டாள்.

அது ஒரே ஆள் இல்லை, இரண்டு பேர். ஆறாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுத்ததே நான். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் தினமும் மாலை அறிக்கை அடிக்கிறவள் நான் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

இதில் உன் அண்ணன் எங்கே வந்தார் என்று கேட்பாய். ஓர் ஆலையில் ஒருவருக்குத் தொற்று என்றால் மருந்தடித்துவிட்டுத் திறக்கலாம். இரண்டு பேருக்கு என்றால் பதினான்கு நாள் பூட்டி, எல்லாரையும் சோதிக்க வேண்டும். இப்போது கணக்கு ஒன்று என்பதால் வருகிற திங்கட்கிழமை திறக்கிறார்கள். அடுப்பு மெக்கானிக் இல்லாமல் பிஸ்கட் வேகாது, இவர் போயாக வேண்டும். இளைப்புக்காரர். மாவுத்தூசி பட்டாலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்குகிற மனிதர். இந்தத் தொற்று அவருக்கு வந்தால் தாங்குவாரா, நீயே சொல்.

வரியைத் திருப்பிப் போடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அண்ணி


ஜூன் 9, மாலை 4.20

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணனுக்கு மூச்சு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. ஏன் என்று சொல்கிறேன், பாதியில் மூடிவிடாமல் படியுங்கள்.

அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். செய்தித்தாளிலோ அரசு அறிக்கையிலோ வெளியான ஆதாரம் இல்லாமல் ஓர் எண்ணைக்கூடச் சேர்க்கக் கூடாது. எனக்குத் தெரியும், என் கண்ணால் பார்த்தேன், எதிர்வீட்டில் நடந்தது என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் எழுதுகிறார்கள். அத்தனையும் பொய் இல்லை. எது பொய் என்றுதான் எனக்குத் தெரியாது. அதனால் அத்தனையையும் எடுத்துவிடுகிறோம்.

அச்சகம் மூடி மூன்று மாதம் ஆகிறது. பிழை திருத்த எனக்கு ஒரு பக்கம்கூட வருவதில்லை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இந்த அட்டவணைதான். ஒரே நோயாளியைப் பல மாவட்டங்கள் இரண்டு நாள் அறிக்கையிலும் போட்டுவிடுகின்றன. இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து எடுத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தவறு என்று யாரும் சொன்னதில்லை.

உங்கள் இரண்டு வரியிலும் வயது ஒன்று, தெரு ஒன்று, பேக்கிங் பிரிவு, அதே ஆஸ்பத்திரி. நான் எடுத்தது திங்கள் காலை. அன்று மாலை உங்கள் அலுவலக அறிக்கையே 'பிஸ்கட் ஆலை: மொத்தம் 1' என்கிறது. அதை அடித்தவர் நீங்கள்தானே? உங்கள் அலுவலகமே ஒன்று என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லும்போது, நான் எந்த முகத்தோடு இரண்டு என்று எழுதுவது?

அறிக்கையைத் திருத்தி வெளியிடச் சொல்லுங்கள். வெளியான நிமிஷமே சேர்த்துவிடுகிறேன்.

அரைப்புள்ளி


ஜூன் 10, புதன்

ஆமாம் தாயே, அடித்தவள் நான்தான். அந்த 'ஒன்று' எங்கிருந்து வந்தது தெரியுமா? உன்னிடமிருந்துதான் வந்தது.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மே மாதம் வரை ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் ஒவ்வொரு கேஸாகச் சொல்வார்கள், நான் நோட்டில் எழுதிக்கொண்டு, பழைய மொத்தத்தோடு கூட்டி அறிக்கை அடிப்பேன். ஆறு ஆஸ்பத்திரி பதினாறு ஆனது. என்னோடு இருந்த கிளார்க் காய்ச்சல் என்று வீட்டோடு போனார். ஒரு போன் முடிவதற்குள் நாலு போன் அடிக்கும். போன வாரம் அதிகாரி என் மேஜைக்கு வந்து உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டினார். "இங்க பாரும்மா, எவ்வளவு சுத்தமா கூட்டிப் போட்டிருக்காங்க. நீ எதுக்கு உக்காந்து கூட்டிக்கிட்டிருக்கே? மொத்தத்தை இதப் பாத்து அடி, புதுசா வர்றதை மட்டும் சேத்துக்கோ" என்றார். அன்றிலிருந்து பார்த்துத்தான் அடிக்கிறேன்.

ஐந்து மணிக்கு நான் உன்னைப் பார்த்து அடிக்கிறேன். ஆறு மணிக்கு அறிக்கை போகிறது. ஏழு மணிக்கு நீ என்னைப் பார்த்து 'ஆதாரம் கிடைத்தது' என்று எழுதுகிறாய். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

திங்கள் மாலை இரண்டு ஒன்றாகியிருந்ததைப் பார்த்தேன். எங்கேயோ உறுத்தியது. மணி ஐந்து ஐம்பது, அதிகாரி முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. "இது இன்னொரு பொம்பளைங்க. அவங்க பக்கத்துல நின்னு வேலை பாத்தவங்களாம்." கையில் சோப்போடு அப்படியே நின்றேன்.

இன்று காலை அதிகாரியிடம் போனேன். "இறங்கின எண்ணிக்கையை ஏத்தினா மேலேருந்து கேள்வி வரும்மா. அந்தப் பக்கத்துல எத்தனை இருக்கு? ஒண்ணுதானே? அப்ப ஒண்ணுதான்" என்று உன்னைக் காட்டியே என் வாயை அடைத்தார்.

உனக்கு எழுத்தில் இருந்தால்தான் உண்மை. அத்தை படுக்கையில் கிடந்தபோது பத்து நாள் வந்து தங்கியவள், எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு நான் கொடுத்தேன் என்று நோட்டுப் போட்டாயே. அத்தை போன பிறகு சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அதை எடுத்து வாசித்தாயே, "பதினோரு தடவை லேட்" என்று. பதினான்கு மாதம் நான் அள்ளிப்போட்டதற்கு உன்னிடம் எந்த நோட்டும் இல்லை. அதைக் கேட்க நான் எழுதவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன், போ.

அண்ணி


ஜூன் 10, மாலை 6.45

அண்ணிக்கு,

இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

நீங்கள் சொல்வது உண்மை என்றால் இது ஒரு வரியோடு போகிற விஷயம் இல்லை. உங்கள் மாவட்டத்தின் ஒரு வாரத்து மொத்தங்கள் அத்தனையும் என்னைப் பார்த்து எழுதியவை. நான் என் எண்ணையே எனக்குச் சாட்சியாக வைத்திருக்கிறேன். இதைப் பக்கத்தின் விவாதப் பகுதியில் நான் எழுதினால், என்னோடு வேலை செய்பவர்கள் அன்றைக்கே இரண்டாவது வரியைச் சேர்க்க ஒப்புக்கொள்வார்கள். ஆனால் 'மாவட்ட அலுவலகம் எங்களைப் பார்த்து அடிக்கிறது, இது எனக்கு எப்படித் தெரியும் என்றால்' என்று தொடங்க வேண்டும். அடுத்த சொல் உங்களைப் பற்றி இருக்கும். உங்கள் வேலை என்ன ஆகும்?

உங்கள் வார்த்தையை வைத்து மட்டும் சேர்க்கவும் முடியாது. நீங்கள் என் அண்ணி, அது என் அண்ணன் வேலை பார்க்கும் ஆலை. சொந்த விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்பதும் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அதை எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

இரண்டு பெண்கள் என்று காட்ட அச்சில் ஏதாவது இருக்கிறதா? ஆலை நிர்வாகம் ஏதாவது அறிவிப்பு ஒட்டியதா? ஒரு துண்டுச் செய்தி போதும். எப்படி ஒரே தெருவில், ஒரே பிரிவில், ஒரே வயதில் இரண்டு பேர் இருக்க முடியும்? இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவள் நான். அப்படி ஒன்றைப் பார்த்தால் அச்சுக்கோப்பவர் இரண்டு தடவை அடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அண்ணனைப் போக வேண்டாம் என்று நீங்கள் சொல்லக் கூடாதா?

நோட்டைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அரைப்புள்ளி


ஜூன் 11, வியாழன்

எப்படி இருக்க முடியும் என்கிறாயா? அந்த ஆலையில் வந்து பார். பேக்கிங்கில் நிற்கிற பெண்களில் பாதிப் பேருக்கு நாற்பத்தாறு வயசுதான்! அதற்கு மேல் போனால் வருஷா வருஷம் கொடுக்கிற வேலை அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள். அதனால் எல்லாரும் அங்கே வந்து நின்றுவிடுவார்கள். மேஸ்திரிக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அட்டையைத்தான் காட்டினார்கள், அட்டையில் இருப்பதைத்தான் எழுதிக்கொண்டார்கள். இதில் மூத்தவளுக்கு ஐம்பத்து மூன்று. மற்றவளுக்கு நாற்பத்தொன்பது. இரண்டு பேரும் ஒரே வாடகை அறையில் இருக்கிறார்கள், ஒரே பெல்ட்டில் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். உன் அண்ணன்தான் சொன்னார், நான் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

அவர்களையே பத்திரிகைக்காரரிடம் பேச வைக்கலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பேசினால் வயசு வெளியே வரும், வயசு வந்தால் அட்டை போகும். அந்த அட்டையை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

உன் அண்ணனிடம் சொன்னேன். நேற்றே சொன்னேன். "திங்கக்கிழமை போகாதீங்க, ரெண்டு பேருக்கு இருக்கு" என்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? போனை எடுத்து உங்கள் பக்கத்தைத் திறந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "இதப் பாத்துக்கிட்டிருக்கறது யாருன்னு தெரியுமா? நம்ம அரைப்புள்ளி. ஒரு புள்ளி தப்பா இருந்தா அவளுக்குத் தூக்கம் வராது. ரெண்டுன்னு இருந்ததை அவளே பாத்து ஒண்ணுன்னு திருத்தியிருக்கா. உங்க ஆபீஸைவிட எனக்கு அவமேல நம்பிக்கை ஜாஸ்தி."

அவருக்கு முன்னமே தெரியுமாம்! மார்ச்சிலிருந்து தினமும் ஏழு மணிக்கு நீ என்ன மாற்றினாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். என்னிடம் சொன்னால் நான் எரிந்து விழுவேன் என்று மறைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்ததில் அந்த மனிதர் உன்னைப் பார்க்கக் கண்டுபிடித்த வழி அது.

அதுகூடப் பரவாயில்லை. அடுப்புப் பிரிவில் ஒன்பது பேர். வர பயமாக இருக்கிறது என்று அவர்கள் போன் செய்தபோதெல்லாம் "நம்ம வீட்டுப் பொண்ணு பாக்குற கணக்கு, தைரியமா வாங்க" என்று சொல்லியிருக்கிறார். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ எடுத்ததுதான் தப்பு என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

என் பேரை வெளியே விடாதே. வீட்டில் இப்போது வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். வேறு வழி பார்.

அண்ணி


ஜூன் 12, வெள்ளி, பகல் 1.10

அண்ணிக்கு,

வேறு வழி பார்த்தேன். காலை 9.02க்கு ஆறாம் தேதி வரியைத் திருப்பிச் சேர்த்தேன். நான் எடுத்தது தவறு, இரண்டு பேர் என்று குறிப்பு எழுதினேன். 9.11க்கு அது போய்விட்டது.

எடுத்தவர் மருந்துக்கடைக்காரர். அவர் பேர் எனக்குத் தெரியாது, பக்கத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றபடியே வேலை செய்கிறவர். "எட்டாம் தேதி அறிக்கையில் ஒன்று என்றுதான் இருக்கிறது. இரண்டு என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டார். எனக்கு வேண்டியவர் ஒருவர் சொன்னார் என்றேன். அதற்கு அவர் ஏப்ரலில் நான் புதியவர்களுக்கு எழுதிய குறிப்பையே எடுத்து ஒட்டினார். 'நமக்கு வேண்டியவர்கள் சொல்வதுதான் நம்மை அதிகம் ஏமாற்றும்.' எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுபடி சேர்த்தேன். மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை சேர்த்தால் என்னை ஒரு நாள் வெளியே நிறுத்திவிடுவார்கள். அதுவும் நான் ஆதரித்த விதிதான்.

இப்போது நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா சாகப் போகிறாள் என்று வந்த இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. துடைக்கவும் தூக்கவும் உங்களுக்குத் தெரிந்தது போல எனக்குத் தெரியவில்லை. கையில் எதையாவது வைத்திருக்க வேண்டும் போல இருந்தது, பேனாவை எடுத்தேன். அதை ஏன் அத்தனை பேர் முன்னால் வாசித்தேன் என்றால், அம்மா செத்ததற்கு யாராவது காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். நான் செய்தது கேவலம் அண்ணி. இரண்டு வருஷமாகத் தெரியும், எழுதத்தான் வாய்க்கவில்லை.

திங்களுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. அறிக்கை எங்களைப் பார்த்து அடிக்கப்படுகிறது என்று எழுதினால் மருந்துக்கடைக்காரர் ஒப்புக்கொள்வார், ஆலையைப் பூட்டச் சொல்ல வேண்டிய தொழிலாளர் ஆய்வாளரும் பக்கத்தைப் பார்க்கிறவர்தான். நீங்கள் சரி என்றால் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் எழுத மாட்டேன். உங்களைக் கேட்காமல் உங்களைப் பற்றி ஒரு சொல்கூட இனி எங்கேயும் வாசிக்க மாட்டேன்.

அரைப்புள்ளி


ஜூன் 13, சனி, காலை

எழுது.

என் பேரைப் போட்டே எழுது. அடித்தவள் நான், பார்த்து அடித்தேன், அதிகாரி சொல்லி அடித்தேன். வேலை போனால் போகட்டும். உன் அண்ணனை வாசலில் வழியனுப்பிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து நான் எந்த எண்ணை அடிக்கப் போகிறேன்? நேற்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன், என்னால் முடியாது.

நோட்டு விஷயம் படித்தேன். படித்துவிட்டு அழுதேன். அதைப் பற்றி நேரில் பேசுவோம், இப்போது இதைப் பார்.

மேலே உள்ளதை அனுப்புவதற்குள் அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது மணி பன்னிரண்டரை. எழுதுவதற்கு முன்னால் இதையும் படி.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கவர் வந்தது. வீட்டுக்கு அனுப்பியவர்கள் பட்டியலும் இறந்தவர்கள் பட்டியலும் மட்டும் போனில் வராது, டாக்டர் கையெழுத்தோடு தாளில்தான் வரும். முதல் தாளில் மூன்றாவது வரி: பெண், 46, பிஸ்கட் ஆலை, நேற்றுக் காலை குணமாகி வீட்டுக்குப் போனார். இரண்டாவது தாளைத் திருப்பினேன். பெண், 46, பிஸ்கட் ஆலை, நேற்று மாலை இறந்தார்.

காலையில் வீட்டுக்குப் போனவள் மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எப்படி இறப்பாள்? அதிகாரி இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சாவை அவரால் குறைக்க முடியாது. அறிக்கை இன்று இரண்டு மணிக்கே போகிறது. உனக்கு ஆதாரம் வந்துவிட்டது.

செத்தது மூத்தவள். ஆறாம் தேதிக்காரி.

அண்ணி


ஜூன் 13, மாலை 5.30

அண்ணிக்கு,

2.06க்கு வரியைச் சேர்த்தேன். யாரும் எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் 'மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதினார். அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு இல்லை அது. 4.15க்குத் தொழிலாளர் ஆய்வாளர் உத்தரவு வெளியானது. பிஸ்கட் ஆலை பதினான்கு நாள் பூட்டு, இருநூற்று நாற்பது பேருக்கும் சோதனை.

அண்ணன் திங்கட்கிழமை போக மாட்டார். அதைப் படித்தவுடன் சந்தோஷத்தில் கையைத் தட்டிவிட்டேன் அண்ணி. தட்டிவிட்டு, எதற்குத் தட்டுகிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு பெண் செத்துப்போய் எனக்கு ஆதாரம் கொடுத்திருக்கிறாள். நான் அவளை எடுத்த அன்று அவள் உயிரோடு இருந்தாள், மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவள் இல்லை என்று முடிவு செய்தேன்.

ஆதாரம் வந்த பிறகும் நடந்ததை விவாதப் பகுதியில் எழுதிவிட்டேன். உங்கள் பேரைப் போடவில்லை, என் பேரைப் போட்டேன். புனைபேர் இல்லை, சொந்தப் பேர். இருநூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன். அதுவரை புதிதாக எதையும் நீக்க மாட்டேன்.

இப்போது அண்ணனுக்குப் போன் செய்யப் போகிறேன். அவர் நம்பியது யாரை என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அரைப்புள்ளி


ஜூன் 14, ஞாயிறு

நேற்று நீ போனை வைத்ததும் அவர் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உன்னிடம் "சரி, சரி" என்றுதான் சொன்னாராமே. பிறகு என்னைக் கூப்பிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசச் சொன்னார்.

வியாழனும் வெள்ளியும் ஆலைக்குள் போயிருக்கிறார்.

அடுப்பு ஒரு வாரம் அணைந்து கிடந்தால் திங்கட்கிழமை மூட்டி அன்றே பிஸ்கட் போட முடியாதாம். நாலு நாள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்ற வேண்டுமாம், இல்லாவிட்டால் செங்கல் வெடிக்குமாம். இத்தனை வருஷமாக அடுப்பு மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்துகிறேன், இது எனக்குத் தெரியவில்லை! என்னிடம் மளிகைக் கடை வரிசையில் நாலு மணி நேரம் நின்றேன் என்றார். வரிசைதான் தெருக்கோடி வரை நிற்கிறதே, நானும் நம்பினேன். ஒன்பது பேர், ஜன்னல் இல்லாத அறை, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வேலை. "சூட்டுல போட முடியலம்மா" என்கிறார். அந்த ஒன்பதில் ஒருவருக்கு வெள்ளியன்றே இருமல்.

அவருக்கு உன் மேல் கோபம் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். "அவ பாவம், ஒண்ணுன்னு நெனச்சிட்டா. நான்தான் ஒன்பது பேரைக் கூப்பிட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். உள் அறையில் தனியாகப் படுத்திருக்கிறார். தட்டை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். புதன்கிழமை சோதனை.

விவாதப் பகுதியில் நீ எழுதியதைப் படித்துவிட்டு, சொன்னவள் நான்தான் என்று கண்டுபிடித்து அதிகாரி எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார். ஆனால் போன் எடுக்க வேறு ஆள் இல்லாததால் நாற்காலியை விட்டு எழுப்பவில்லை.

அண்ணி


ஜூன் 17, புதன், மாலை 6.05

அண்ணிக்கு,

இன்று சோதனை என்று சொன்னீர்களே. ஒரு வரி எழுதுங்கள். மூச்சு எப்படி என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

அட்டவணையில் பிஸ்கட் ஆலை இருபத்தொன்று ஆகிவிட்டது. ஒவ்வொரு வரி வரும்போதும் முதலில் வயதைப் பார்க்கிறேன். அண்ணனின் ஐம்பத்தொன்று இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த ஆள் யாரோ என்று நினைக்கிறேன். இப்படி ஆகிவிட்டேனே என்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அரைப்புள்ளி


ஜூன் 19, வெள்ளி, மாலை

சாயங்காலம் ஏழு மணிக்கு நீ அட்டவணையில் பார்ப்பதற்கு முன்னால் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

நேற்று மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே உனக்குச் சொல்லாதது தப்புத்தான். சோதனை முடிவு வரட்டும் என்று இருந்தேன். இன்று பதினொன்றரைக்கு என் மேஜைப் போன் அடித்தது. அதே நர்ஸ். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. "எழுதிக்கிறீங்களா? பிஸ்கட் ஆலை, ஆறு பேர்" என்று ஆரம்பித்தாள். நாலாவதாக, "ஆண், ஐம்பத்தொண்ணு, அடுப்புப் பிரிவு" என்றாள். எழுதிக்கொண்டேன். "அடுத்தது சொல்லட்டுமா?" என்றாள். சொல்லுங்க என்றேன். ஆறையும் எழுதி முடித்துவிட்டுத்தான், நாலாவது ஆள் என் வீட்டுக்காரர் என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பெண் பாவம், ஐயோ ஐயோ என்று பதறிப்போனாள்.

ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். பார்க்க யாரையும் விடுவதில்லை. அவளே மத்தியானம் தன் போனை அவர் காதில் வைத்து, "ரெண்டு நிமிஷம்தான், பேச வைக்காதீங்க, நீங்களே பேசுங்க" என்றாள். நான் என்ன பேசுவேன்? பயப்படாதீங்க என்றேன், பயந்துகொண்டே. இன்றைய பட்டியலில் நாலாவது ஆளாக உங்களை என் கையாலேயே எழுதினேன் என்றேன். அடுப்புக்காரர்கள் ஒன்பது பேரில் எத்தனை பேருக்கு என்று கேட்டார். ஐந்து என்று சொல்லாமல் இரண்டு என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே ஓர் எண்ணைக் குறைத்தேன்.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். மூச்சை விட்டு விட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அரைப்புள்ளிகிட்ட சொல்லு. அந்த நாலாவது ஆளு நான்தான். ரெண்டு தடவை வந்த ஆளுன்னு எடுத்துடப் போறா. இருக்கேன்னு சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் போனை எடுத்துக்கொண்டாள். அதற்கு அப்புறம் அங்கிருந்து போன் வரவில்லை. நான் மேஜையை விட்டு நகரவில்லை.

அண்ணி